படம் சொல்லிவிடும் முகவரி

விளையாட்டு விழா, பிறந்தநாள், சுற்றுலா என்று எதுவானாலும் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறோம். மறுகணமே நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். அப்படத்தில் நம் முகம் இருப்பதை அறிவோம். நம் வீடு இருக்கும் இடமும் அதனுள் எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பதை அறிவோமா?

கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்றும் பதிவாகிறது. 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட இம்முறைக்கு எக்ஸிஃப் என்று பெயர். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவை அதில் அடங்கும். இருப்பிடம் அறியும் அனுமதியைக் காமிராவுக்குக் கொடுத்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் ஏறிவிடும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு என்று பூகோள வகுப்பில் படிக்கிறோம். அது நகரத்தைக் காட்டுகிறது. கைப்பேசியோ திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் கணக்கிடும். அது வீட்டு வாசலையே காட்டிவிடும்!

விவரம் தெரிந்தவர்களும் இதில் அகப்பட்டதுண்டு. கணினி வைரஸ் தடுப்பு மென்பொருளால் உலகப் புகழ் பெற்றவர் ஜான் மெக்காஃபி. 2012-ல் பெலிஸ் நாட்டில், அண்டை வீட்டுக்காரரின் கொலை தொடர்பாக விசாரிக்கப் போலீசார் தேடியபோது அவர் தலைமறைவானார். உடன் சென்ற பத்திரிகையாளர்கள் டிசம்பரில் அவருடைய படம் ஒன்றை வெளியிட்டார்கள். அதிலிருந்த குறிப்பு, அவர் குவாதமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சில நாட்களில் அங்கே கைதானார்.

படமே இல்லாமலும் இவ்வாறு நேர்வதுண்டு. ஓட்டப் பயிற்சியைக் கணக்கிடும் ஸ்ட்ராவா என்னும் செயலி, பயனாளர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் திரட்டி 2017-ல் உலக வரைபடமாக வெளியிட்டது. பெயர் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய கோடுகள் இருளில் பளிச்சென்று தெரிந்தன. 2018 ஜனவரியில் இதைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர். தினமும் ஒரே வேளையில் ஒரே வழியில் ட்யூஷனுக்குப் போய் வரும் நமக்கும் இப்படி ஒரு கோடு உண்டல்லவா?

கைப்பேசி அமைப்பில் காமிராவுக்கான இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டால், இனி எடுக்கும் படங்களில் இடக்குறிப்பு ஏறாது. ஏற்கெனவே எடுத்தவற்றில் அது இருக்கவே செய்யும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அக்குறிப்பு நீங்கிவிடும். தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று ஆவணமாக அனுப்பினாலோ அப்படியே போய்ச் சேரும். (குடும்பக் குழுக்களில் இதை அதிகம் செய்பவர்கள் பெரியவர்களே, பெற்றோர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) சீருடையின் பள்ளிச் சின்னத்தையும் பின்னால் தெரியும் தெருப் பலகையையும் மட்டும் எந்த அமைப்பாலும் நீக்க முடியாது, அவற்றை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிமுகமில்லாத ஒருவர் நம் தெருவின் பெயரைச் சொல்லி மிரட்டினால் பதில் எழுதவும் வேண்டாம், செய்தியை அழிக்கவும் வேண்டாம். அதை அப்படியே அம்மாவிடமோ வகுப்பாசிரியையிடமோ காட்டுவோம். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. அழைப்பதற்குக் கட்டணம் இல்லை.