தகப்பனுடைய இடம்

வேதபாடம்: மாற்கு 5:21-43



யவீரு ஜெபஆலயத் தலைவன். ஆனாலும் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடந்தபோது, ஆள் அனுப்பாமல் தானே வந்து இயேசுவின் பாதத்தில் விழுந்தான். இயேசுவும் அழுதுகொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் தகப்பனையும் தாயையும் உள்ளே அழைத்துச் சென்றார். அந்த அறையில் இருவருக்கும் இடம் இருந்தது. நமது விருதுநகர் மாவட்டத்து வீடுகளிலும் அப்படி இருக்கிறதா?

1. தகப்பனின் உழைப்பு

1980-களில் மழை பொய்த்த கிராமங்களுக்கு விடியுமுன்னே தீப்பெட்டி ஆலைப் பஸ்கள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. பெற்றோர் வாங்கிய முன்பணத்தைப் பிள்ளைகள் உழைத்துக் கழித்தார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்கான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும். பிள்ளைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்யவேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்தவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் அத்தொகையின் வருமானம் வீட்டுக்கு வரும். பெரியவர் பாரம் சுமந்தால்தான் பிள்ளை புத்தகம் சுமக்கும் என்பதே இதன் பொருள்.

2. தகப்பனின் அருகாமை

கூலி மட்டும் போதாது. கூலியை மதுக்கடையில் கொடுத்துவிட்டு நள்ளிரவில் வருகிறவன் உயிரோடிருந்தும் வீட்டில் இல்லாதவனே. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் கண் தாயை மட்டுமல்ல, தகப்பனையும் தேடும்.

3. தகப்பனை இழந்த வீடு

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்துப் பல வீடுகள் தகப்பனையோ தாயையோ இழந்தன. அந்தப் பிள்ளைகளை, "இனி உருப்படாது" என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜர் ஆறு வயதில் தகப்பனை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தாய் சிவகாமி அம்மாள் வளர்த்த அந்த மகனே முதலமைச்சராகி, 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். ஆனால் தாய் தனியே சுமக்கக்கூடாது. மாமாவும் தாத்தாவும் சபை மூப்பரும் தோள் கொடுக்கவேண்டும்.

சிந்திக்க:

அ. உங்கள் பிள்ளை கடைசியாக நோயுற்றபோது இரவில் அருகில் இருந்தது யார்?

ஆ. உங்கள் சபையில் தகப்பனை இழந்த பிள்ளைகளின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? ஜூனில் பள்ளி திறந்தபோது அவர்களுக்கு நோட்டு வாங்கித் தந்தது யார்?

இந்தப் பெயர்களைச் சொல்லி இன்றிரவு ஜெபிப்போமாக. நாளை அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோமாக.