இரண்டு அலைவரிசை சேர்ந்தால் வேகம் கூடுமா?



கீரமங்கலம் கடைவீதியில் அரை கிலோ சீனி வாங்குபவரும் இன்று செல்போனைக் காட்டிப் பணம் கொடுக்கிறார். நெட் நின்றால் கல்லாவும் நிற்கிறது. ஆகவே, அலைவரிசைகளை இணைத்து வேகம் கூட்டும் முறையை நாமும் அறிந்துகொள்வது அவசியம்.

லாரிச் சரக்கை ஒரு கதவு வழியாக இறக்குவதைவிட இரண்டு கதவு வழியாக இறக்கினால் நேரம் மிச்சம். தத்துவம் அவ்வளவுதான்.

முதலில் செல்போன். 4ஜியில் ஓர் அலைவரிசையின் அகலம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ். 2011-இல் வந்த தரத்தின்படி ஐந்து வரை இணைத்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கலாம். 850 போன்ற தாழ்ந்த அலை சுவரைத் தாண்டி வெகுதூரம் போகும். 2300 போன்ற உயர்ந்த அலைக்கு எட்டும் தூரம் குறைவு. இரண்டையும் இணைப்பது டவரின் வேலை. நம் போனும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

கடை வைஃபை விஷயம் நம் கையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ். 20 அகலத்தில் 1, 6, 11 என மூன்று எண்களே ஒன்றோடொன்று மோதாமல் இயங்கும். இரண்டை இணைத்து 40 ஆக்கினால் பாதி வீதியை நாமே அடைத்துக்கொள்கிறோம். பக்கத்துக் கடையும் அப்படியே செய்தால் இருவரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதே சக்தி இரு மடங்கு அகலத்தில் பரவுவதால் குடோன் மூலைக்கு எட்டுவதும் குறையும்.

எனவே 2.4-இல் 20 போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் மத்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமம் இன்றிப் பயன்படுத்த விட்டிருக்கிறது. அங்கே 40, 80 என இணைக்கலாம். ஆனால் சுவர் தடுக்கும். ரூட்டர் இருக்கும் அறைக்கே அது ஏற்றது.

ஒன்றை மறக்க வேண்டாம். யுபிஐ செய்தி மிகச் சிறியது. அதற்கு அகலம் தேவையில்லை, அறுபடாத தொடர்பே தேவை. கேமராப் படத்துக்குத்தான் அகலம் வேண்டும். நாம் வாங்கிய இணைப்பே சிறிதானால், கடைக்குள் எத்தனை கதவு திறந்தும் பயனில்லை.

அடுத்தடுத்த கடைக்காரர்கள் பேசி, ஒருவர் 1, ஒருவர் 6, ஒருவர் 11 என வைத்துக்கொள்வோம். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டில் மூவர் கல்லாவும் தடையின்றி ஓடும்.