என்பின் கழுத்தும் எங்கள் கழுத்தும்

லா சப்பலில் வசிக்கும் எம்மவர் குடும்பமொன்றில் அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வைத்தியசாலையில் ‘கொல் து ஃபெமூர்’ முறிந்துவிட்டது என்றார்கள். மொழிபெயர்க்க நின்றவன் பதினொரு வயதுப் பேரன். ‘கொல்’ என்றால் சட்டைக் கொலர் என்றே அவனுக்குத் தெரியும். ஆகவே, “அம்மம்மாவின்ர கழுத்து முறிஞ்சு போச்சாம்” என்றான். அன்றிரவே யாழ்ப்பாணத்தில் அழுகுரல் எழுந்தது!

முறிந்தது தொடையென்பின் கழுத்து. ‘ஃபெமூர்’ எனப்படும் தொடையென்பு எமது உடலின் மிக நீளமான என்பு. அதன் மேல்முனை ஒரு பந்து போல இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கும். பந்தையும் தண்டையும் இணைக்கும் ஒடுங்கிய, சரிந்த பகுதியே கழுத்து. விழுந்த முதியவரால் எழும்ப முடியாமல், ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இம்முறிவைச் சந்தேகிக்க வேண்டும். நோவு கவட்டிலோ முழங்காலிலோகூடத் தெரியலாம். எண்ணெய் பூசி உருவவோ, தூக்கி நிறுத்தவோ வேண்டாம். 15ஐ அழையுங்கள்.

என்பு காய்ந்த தடியல்ல, உயிருள்ள இழையம். வெளியே நரம்பும் குருதிக்கலனும் நிறைந்த மெல்லிய சவ்வு, அதன்கீழ் இறுகிய படை, உள்ளே கடற்பஞ்சு போன்ற பகுதி. வயது போகப் போக, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களில், பஞ்சின் துளைகள் பெருத்து இறுகிய படையும் மெலிகிறது. இதுவே ‘ஒஸ்தெயோபொரோஸ்’. அம்மம்மாவுக்கு ஒரு சிறு வழுக்கலே போதுமாயிருந்ததும் இதனால்தான்.

வளர்ந்தவருக்கு 206 என்புகள். முன்கையின் இரண்டையும் ஆரை, அரந்தி என்று நாம் ஊர்ப் பாடசாலையில் படித்தோம். இங்கே ‘ரடியுஸ்’, ‘உல்னா’. பழைய வைத்தியர்கள் உல்னாவை ‘குபித்துஸ்’ என்பார்கள். முழங்காற்சில்லுக்கும் ‘ரொத்துல்’, ‘பத்தெல்லா’ என இரண்டு பெயர். அறிக்கையில் பெயர் மாறியிருந்தால் வேறு என்பு என்று பயப்பட வேண்டாம். தமிழில் இவற்றைப் படிப்பதும் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

இன்னொரு சொல் இதைவிடப் பொல்லாதது: ‘முவால்’. ‘முவால் ஒசேஸ்’ என்றால் என்புமச்சை. பஞ்சுப் பகுதிக்குள் இருந்து குருதிக் கலங்களை உண்டாக்குவது அது. ‘முவால் எப்பினியேர்’ என்றால் முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாண், அதாவது நரம்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணி, “மச்சை கொடுத்தால் கால் இழுத்துப் போகும்” என்று எமது இளையோரைப் பெற்றோர் தடுக்கிறார்கள். இரத்தப் புற்றுநோயாளருக்குப் பொருந்தும் மச்சை பெரும்பாலும் அவரவர் இனத்தவரிடமே கிடைக்கக்கூடியது. பிரான்சில் 18 முதல் 35 வயது வரை கொடையாளராகப் பதியலாம். பெரும்பாலும் கையில் ஊசியேற்றிக் குருதியிலிருந்தே கலங்களைப் பிரித்தெடுப்பார்கள். சிலவேளை மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து எடுப்பார்கள். முண்ணாணை எவரும் தொடுவதேயில்லை.