கொல்லைக் கதவில் பூனைக்கு ஒரு வழி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஓட்டு வீட்டில் பூனைக்கென்று யாரும் தனியாக வழி வைக்கவில்லை. முற்றம் திறந்து கிடந்தது, சுவருக்கும் கூரைக்கும் நடுவே சந்து இருந்தது, கொல்லைக் கதவைப் பகலில் சாத்துவதே இல்லை. இப்போது புதுக்கோட்டையை ஒட்டிய புது நகர்களிலும் சரி, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் வயலோரம் எழும்பும் வீடுகளிலும் சரி, மேலே கான்கிரீட், ஜன்னலில் கொசுவலை, கதவு எந்நேரமும் சாத்தியபடி. பூனை போகவும் வரவும் ஓர் ஆள் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டியிருக்கிறது. கதவின் அடியில் ஒரு திறப்பு வெட்டி, தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் மடல் ஒன்றைத் தொங்கவிடுவது இதற்கு நல்ல வழி. பிளாஸ்டிக் சட்டத்தோடு ஆன்லைனில் கிடைக்கிறது. கைத்திறமை உள்ள ஆசாரி அக்ரிலிக் பலகையை வைத்தே செய்து தந்துவிடுவார்.

பெட்டிக்குள் வரும் வழிகாட்டித் தாளை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அது பெரும்பாலும் குளிர் நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. குளிர்காற்று உள்ளே புகாமல் இருப்பதுதான் அதற்குப் பெரிய விஷயம். நம் மாவட்டத்தில் முந்திரிக் கொல்லையும் வயலும் தைலமரக் காடும் வீட்டுச் சுவர் வரை வந்து நிற்கின்றன. தரையோடு தரையாக ஒரு திறப்பு வைக்கிறோம் என்றால், பூனையைத் தவிர வேறு எது அதில் நுழையும் என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே இரவிலிருந்து தொடங்குகிறேன்.

இருட்டுவதற்கு முன் பூனையை உள்ளே சேர்த்து, திறப்பைப் பூட்டிவிடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிப்பது அதன் விஷயத்தில் அடிக்கடி நடப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமல், விடியற்காலையில் வயிற்றுவலி என்றும் இமை தூக்க முடியவில்லை என்றும்தான் பல நேரம் தெரியவரும். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி வருபவை. மடல் தொங்குகிறதே, பாம்பு எப்படித் தள்ளும் என்று நினைக்க வேண்டாம். குட்டிப் பாம்புக்கு விரல் தடிமன் இடைவெளியே தாராளம்.

இதில் இன்னொன்றும் உண்டு, பலரும் யோசிக்காதது. பாம்பு தானாக வர வேண்டியதில்லை, பூனையே கொண்டுவரும். வேட்டையாடியதைப் பத்திரமான இடத்துக்குத் தூக்கி வருவது பூனையின் இயல்பு. பாதி உயிரோடு இருக்கும் பாம்பை அடுப்படியில் கொண்டுவந்து போட்டுவிட்டு அது பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் பூனைக்கதவுகளில் ‘உள்ளே வரலாம், வெளியே போக முடியாது’ என்ற பூட்டு நிலை ஒன்று இருக்கும். இரவுக்கு அது போதாது. முழுப் பூட்டு நிலையில்தான் வைக்க வேண்டும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இரவு உணவைப் போட்டுப் பழக்கினால் பூனை தானாக வந்துவிடும், வந்ததும் பூட்டுங்கள். அந்தியிலும் விடியலிலும் பூனை உள்ளே இருந்தால் கொல்லையில் தரையோரம் மேயும் குருவிகளும் பிழைக்கும்.

திறப்புக்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டை வைக்காதீர்கள். மிச்சச் சோற்றுக்கு எலியும் பெருச்சாளியும் வரும், அவற்றின் பின்னால் பாம்பு வரும். தட்டு வீட்டின் உள்பக்கம், திறப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். தின்று முடித்ததும் கழுவி வையுங்கள். வெளிப்பக்கத்தில் திறப்பைச் சுற்றி விறகு, தேங்காய் மட்டை, செங்கல் குவியல் எதுவும் கிடக்கக்கூடாது. எலி மருந்தை அந்த வீட்டில் அறவே மறந்துவிடுங்கள். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே கதிதான்.

பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். பூனைக்கதவுக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். வயலோர வீட்டில் தரையில் திறப்பு வைக்கிறவருக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். எந்தப் பாம்பு என்று தெரிந்துகொள்ள அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த நேரம்தான் வீணாகும்.

இனி அளவும் இடமும்.

வெட்டுவதற்கு முன் பூனையை அளந்துகொள்ளுங்கள். நம் நாட்டுப் பூனை மூன்று, நான்கு கிலோ இருக்கும். 15 சென்டிமீட்டர் அகலமும் 16 சென்டிமீட்டர் உயரமும் உள்ள திறப்பு அதற்குப் போதும். பெரிதாக வெட்டினால் பூனைக்குச் சுகம் என்று நினைத்து அகலப்படுத்த வேண்டாம், தெருநாய்க் குட்டியும் மரநாயும் அதில் வரும். திறப்பின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று உயரத்தில் இருக்க வேண்டும். அது நிற்கும் தரையிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டர்.

எந்தத் தரை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்குள் அளந்தால் சரியாக இருக்கும். வெளியே இரண்டு படி கீழே இறங்கும். திரும்பி வரும் பூனை தலைக்கு மேலே இருக்கும் ஓட்டையை நோக்கிக் குதிக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வெளியே பள்ளமாக இருந்தால் ஒரு கருங்கல் பலகையைப் படியாகப் போடுங்கள். கல்குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் ஒரு துண்டுப் பலகைக்குப் பஞ்சமில்லை. அது ஆடாமல் உட்கார வேண்டும், அடியில் பொந்து இருக்கவும் கூடாது.

தாழ்ப்பாளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் திறப்பு வைக்காதீர்கள். வளர்ந்த ஆளின் கை தோள்வரை உள்ளே போகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கதவின் அடிக்கொண்டியை நீக்கி மேலே மாட்டுங்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவி சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகளில்’, பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வேலைக்காரன் கதவடியில் பூனைக்காக இருந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பான். பூனை வழி என்றைக்கும் கண்ணுக்கும் கைக்கும் கூட வழியாகத்தான் இருந்திருக்கிறது. ஆகவே தெருவாசலில் வேண்டாம், கொல்லைப்பக்கமே சரி. தவழும் குழந்தை உள்ள வீட்டில், குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் பூட்டியே வையுங்கள், அதிலும் கொல்லையில் கிணறோ தொட்டியோ இருந்தால்.

எந்தக் கதவு என்று பார்த்து வெட்டுங்கள். சட்டமும் பலகையுமாகச் செய்த மரக்கதவில் பலகையை மட்டும் வெட்டலாம். சட்டத்தைத் தொட்டால் கழுந்து தளர்ந்து கதவே தொங்கிப்போகும். கீழ்ச்சட்டம் அகலமாக இருந்து பலகை உயரத்தில் தொடங்கினால், இருபக்கமும் படி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷ் டோர் என்றால் வெட்டிய விளிம்பில் உள்ளே அடைத்திருக்கும் கட்டைகள் தெரியும். அதை அப்படியே விட்டால் ஒரே ஐப்பசியில் தண்ணீர் ஏறி பிளைவுட் தோல் தோலாகப் பிரியும். விளிம்பு முழுக்க மரப்பசை பூசி, மெல்லிய ரீப்பர் கட்டையால் அடைத்து, அதற்கு மேல் பெயின்ட் அடித்த பிறகே சட்டத்தை மாட்ட வேண்டும். பிவிசி கதவு உள்ளே கூடு. வெட்டுவது சுலபம், பிடிப்பு கிடைப்பதுதான் கஷ்டம். முன்னும் பின்னும் சட்டம் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். தகரக் கதவை வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டினால் விளிம்பு கத்திபோல் நிற்கும். அரம் போட்டு ராவி, ரப்பர் பீடிங் மாட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மேற்குப் பார்த்த தகரக் கதவில் தகர மடல் வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு தரம் சுட்டுக்கொண்ட பூனை மறுபடி அதன் பக்கம் வராது. எல்லாவற்றிலும் எளிது கிரில் கதவு. ஒரு கட்டத்தின் கொசுவலையைக் கழற்றி அங்கே மாட்டிவிடலாம்.

பர்மா தேக்குக் கதவில் ரம்பம் வைக்காதீர்கள். ராயவரம், அரிமளம், கடியாபட்டி, கோனாபட்டு என்று திருமயம் பக்கத்து நகரத்தார் ஊர்களில் இன்னும் நிற்கும் வீடுகளை நினைத்துச் சொல்கிறேன். கப்பலேறி வந்த மரம், கையால் செதுக்கிய வேலை, போனால் திரும்பாது. கொல்லைப்பக்கத்துச் சாதாரணக் கதவாக இருந்தாலும் அதே மரத்தில் செய்ததாக இருக்கலாம், முதலில் விசாரியுங்கள். அந்த வீடுகளில் கொல்லைப்பக்க ஜன்னல் ஒன்றின் கம்பி இடைவெளியில் மடல் வைப்பது நல்லது. ஜன்னல் உயரத்தில் இருப்பதால் பாம்புப் பயமும் குறைகிறது. உண்மையில் எந்த வீட்டிலும் தரையில் வைப்பதைவிட ஜன்னலில் வைப்பதையே நான் விரும்புவேன். பூனைக்கு ஏறத் தெரியும்.

மடலை மரத்தில் செய்யாதீர்கள். பங்குனியில் அழகாக ஆடும் மர மடல் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் போதும். மறுபக்கம் தெரிவதால் பூனையும் நம்பித் தள்ளும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அதற்கும் பிரஷ் பட்டை ஒட்டிவிடுங்கள். அடியில் ஒரு சின்னக் காந்தம் வைத்தால் ஆடிக் காற்றில் படபடவென்று அடிக்காது. வடகிழக்குப் பார்த்த கதவென்றால் மழைச் சாரல் நேராக அடிக்கும், மேலே ஒரு கையகலத் தகரம் வேண்டும். கோட்டைப்பட்டினம், மீமிசல், மணமேல்குடிப் பக்கம் உப்புக் காற்றில் சாதா ஸ்குரூ துருப்பிடித்து ஒழுகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவே வாங்குங்கள்.

பூனையைப் பிடித்துத் திறப்பில் திணிக்காதீர்கள். ஆர்வத்தில் எல்லோரும் செய்வது இதுதான். ஒரு முறை தள்ளினால் அந்த இடத்தை அது பயத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் சில நாள் மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வெறும் ஓட்டையாக இருக்கட்டும். மறுபக்கம் உட்கார்ந்து, ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு ஒரு துண்டு காட்டிக் கூப்பிடுங்கள். உப்பை ஊறவைத்துக் கழுவிய துண்டாக இருக்கட்டும். வந்து போக ஆரம்பித்ததும் மடலைப் பாதி இறக்குங்கள். தலையால் முட்டித் தள்ளக் கற்றுக்கொண்டதும் முழுக்க விடுங்கள். கிழப்பூனைக்கு வாரக்கணக்கில் ஆகும், குட்டி ஒரே பொழுதில் பிடித்துக்கொள்ளும். டப்பென்று விழும் மடலில் வால் நசுங்கினால் பாடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் மடல் இலேசாக இருக்க வேண்டும்.

கழுத்தில் காந்தம் தொங்கவிட்டால்தான் திறக்கும் வகையை வாங்காதீர்கள். முள்வேலியும் கிளையும் உள்ள இடத்தில் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு பூனை தொங்கிவிடும். தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகை நல்லதுதான். பக்கத்து வீட்டுக் கடுவன் உள்ளே வராது. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் வேலை செய்யும். விலை அதிகம், சிப் வைக்க மருத்துவரிடமும் போக வேண்டும். ஒற்றைப் பூனை வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

திறந்துவிடுவதற்கு முன் தடுப்பூசியும் கருத்தடையும் முடியட்டும். வெளியே சுற்றும் பூனை நாயோடும் மற்ற பூனையோடும் மோதும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி. பெட்டைக்குட்டி ஐந்தாறு மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். ஒன்பது வாரத்தில் ஈன்றும்விடும். அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்; பக்கத்து மாவட்டத்தில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வீசியபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, பிளாஸ்டிக் மடல் அந்தக் காற்றை எத்தனை நேரம் தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துண்டில் குறுக்கே ஒரு கட்டையடித்து, கதவின் உள்பக்கம் இரண்டு கொண்டி வைத்துக்கொண்டால் புயல் எச்சரிக்கை வரும்போது அதை மாட்டி அடைத்துவிடலாம். ஊருக்குப் போகும் நாளிலும் அதையே மாட்டலாம். வாடகை வீடென்றால் வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். காலி செய்யும்போது அதே துண்டைப் பசை வைத்துப் பொருத்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.