சிறுகடைக்கு வாட்ஸ்அப்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் இலவசச் செயலி, கடையின் முகவரி, வேலைநேரம், விலையுடன் கூடிய பொருட்படத் தொகுப்பான ‘கேட்டலாக்’ ஆகியவற்றை ஒரே இடத்தில் காட்டுவதால், தனி இணையதளம் நடத்த இயலாத மளிகைக் கடைக்கும் தையலகத்துக்கும் அதுவே பெரும்பாலும் போதுமானது. வீட்டுப் பேச்சுக்கான வாட்ஸ்அப் எண்ணை ஒரே வேளையில் இச்செயலியிலும் இயக்க முடியாது என்பதால், கடைக்கெனத் தனி எண் வைத்துக்கொள்வது நன்று.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில்தான் கடைக்காரர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அச்செய்தி சென்றுசேரும் என்பதால், வாடிக்கையாளர் எண்களைத் திரட்டுவதைவிட, கடை எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறு பில்லிலும் பையிலும் அச்சிட்டுக் கேட்டுக்கொள்வதே முதற்பணியாகும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ‘ஸ்டேட்டஸ்’, அன்றாடம் மாறும் காய்கறி, மீன் விலைகளை அறிவிக்க ஏற்றது. விலையைக் குறிப்பிடாமல் ‘விவரங்களுக்கு அழைக்கவும்’ என்று மட்டும் எழுதும் வழக்கம், எத்துணைப் பரவலாக இருப்பினும், வாங்க நினைப்பவரைத் தயங்கவே செய்கிறது.

இசைவு பெறாமல் ஒருவரைக் குழுவில் சேர்த்தால் அவரது எண் அங்குள்ள அனைவருக்கும் தெரிந்துவிடுவதோடு, வேண்டாத செய்திகள் குறித்துப் பலர் புகார் செய்யும்போது கடையின் கணக்கே முடக்கப்படவும் கூடும்.