ஒளிர்திரைப் பரிசோதனை: நோயாளிகள் அறிய வேண்டியவை

1895-ஆம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தபோது, அவற்றைக் காட்டிக் கொடுத்தது பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரையின் ஒளிர்வேயாகும். ஒளிர்திரைப் பரிசோதனைக்கு மூலம் அதுவே. சாதாரண எக்ஸ்-ரே படம் உறுப்பின் ஒரு கணத்து நிலையைக் காட்டும். இப்பரிசோதனையோ தொண்டை விழுங்குவதையும் இரைப்பை சுருங்குவதையும் நிகழும்போதே காட்டும்.

இரைப்பையும் குடலும் கதிர்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. ஆகையால் நோயாளிக்குப் பேரியம் சல்பேட் கலந்த வெண்ணிறக் கூழ் கொடுக்கப்படுகிறது. கரையக்கூடிய பேரியம் உப்புக்கள் நஞ்சாகும். ஆனால் சல்பேட் நீரில் கரையாது. எனவே உடலில் சேராமல் மலத்துடன் வெளியேறிவிடும். குடலில் துளை விழுந்திருக்கலாமென ஐயம் எழுந்தால், பேரியத்தைத் தவிர்த்து, நீரில் கரையும் அயோடின் மருந்தைப் பயன்படுத்துவர்.

இரைப்பை காலியாக இருத்தல் வேண்டும். ஆதலின் மருத்துவர் குறித்த நேரத்திலிருந்து உண்ணலாகாது, பருகலாகாது. இன்சுலின் எடுத்துக்கொள்வோரும், அயோடின் ஒவ்வாமை உடையோரும், கர்ப்பிணிகளும், கர்ப்பமுற்றிருக்கலாமென ஐயுறுவோரும் அதனை முன்னதாகவே தெரிவிப்பது இன்றியமையாதது.

கதிர்களால் தீங்கு உண்டா? எடிசனிடம் பணிபுரிந்த கிளாரன்ஸ் டாலி, கதிர்களால் விளைந்த நோயினால் 1904-இல் மாண்டார். இன்றைய கருவிகளோ கதிர்களை விட்டுவிட்டுச் செலுத்தி அளவைக் குறைக்கின்றன. மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகின்றனர். பேரியம் கொண்டு இரைப்பையை ஆராய்வதில் கிட்டுவது ஏறத்தாழ 6 மில்லிசீவர்ட். இதனால் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மிகச் சிறிதே. நோயைக் கண்டறியும் பயன் பெரிது. எனினும் தேவையின்றி இப்பரிசோதனையைத் திரும்பச் செய்தல் தகாது. ஆதலின் முந்தைய படங்களை நோயாளி உடன் கொண்டு வருதல் நலம்.

இருதய இரத்தக் குழாய்ச் சிகிச்சை போன்றவற்றில் கதிர்கள் நெடுநேரம் ஒரே இடத்தில் படக்கூடும். அதனால் முதுகுத் தோல் சில நாட்களிலோ வாரங்களிலோ சிவந்து புண்ணாவது அரிதாக நிகழ்வதுண்டு. பலர் இதை வேறு தோல் நோயெனக் கருதிவிடுகின்றனர். அத்தகைய சிவப்பைக் காண்பவர், முன்னர்ச் செய்துகொண்ட சிகிச்சையையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

பரிசோதனை முடிந்தபின் கதிர்கள் உடலில் தங்குவதில்லை. நோயாளியால் பிறருக்குத் தீங்கில்லை. பேரியம் உட்கொண்டவருக்குச் சில நாள் மலம் வெளுத்திருக்கும், மலச்சிக்கலும் நேரலாம். மருத்துவர் தடுத்தாலன்றி நீரை நிறையப் பருகுதல் வேண்டும்.