பல்கலைக்கழக விளையாட்டு ஆவணங்கள்: விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளை முன்வைத்துச் சாஃப்ட்பால் பதிவுகள் குறித்த ஆய்வு

முன்னுரை

கல்லூரி வரலாறு எழுதுவோர் ஆண்டு மலர்களையே பெரிதும் நாடுவர். உடற்கல்வித் துறையின் ஆட்டப் பதிவுத் தாள்களும் அணிப் பட்டியல்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுவது அரிது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி (1968), திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி (1969) ஆகியவற்றின் இணைவு வரலாற்றை முன்வைத்து, பல்கலைக்கழகச் சாஃப்ட்பால் ஆவணங்களைத் தேடும் முறையையும் வாசிக்கும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணத்தின் பிறப்பிடம்

இவ்விரு கல்லூரிகளும் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதன்கீழ் வந்தன. 2021இல் விழுப்புரத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் உருவாகி, அவ்வாண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே 1990இல் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவரின் பதிவைச் சென்னையிலும், 2010இல் ஆடியவரின் பதிவை வேலூரிலும் தேட வேண்டும். மாவட்டப் பெயரும் மாறியது. 1993க்கு முந்தைய கோப்புகளில் 'தென்னார்க்காடு' என்றே இருக்கும்.

இது ஆய்வாளரின் சிக்கல் மட்டுமன்று. மைய அரசின் 1980ஆம் ஆண்டு ஆணைப்படி, விளையாட்டு வீரர்க்கான பணி நியமனத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதைப் 'படிவம் 3' சான்றளிக்கிறது. அதில் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையொப்பமிட வேண்டும். அணிப் பட்டியல் தொலைந்தால் அச்சான்றைச் சரிபார்க்க வழியில்லை. எனவே கோப்புகளை இன்றைய எல்லைப்படி கலைத்து அடுக்காமல், உருவாக்கிய நிறுவனத்தின் பெயரிலேயே காப்பது இன்றியமையாதது.

வாசிப்பும் சொல்லும்

பதிவுத் தாள் ஒருவகைக் குறியீட்டுப் பனுவல். களத்தின் ஒன்பது இடங்களுக்கும் எண்கள் உண்டு: பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே பிடிப்பவர் 2. '6-4-3' என்பது, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர் பந்தை எடுத்து இரண்டாம் தளக் காப்பாளருக்கு எறிய, அவர் முதல் தளத்திற்கு எறிந்ததைக் குறிக்கும். பெரும்பாலும் இருவர் ஆட்டமிழந்திருப்பர். மூன்று எண்களில் ஒரு நிகழ்ச்சியே அடங்கிவிடுகிறது. இம்முறை அறியாதவர்க்கு அத்தாள் வெறும் எண் வரிசையே.

அட்டவணைச் சொல்லிலும் கவனம் தேவை. 'மென்பந்து' நேரான மொழியாக்கம். ஆயினும் இலங்கைத் தமிழில் 'மென்பந்து' என்பது மென்மையான பந்தால் ஆடும் கிரிக்கெட்டையும் குறிக்கும். 12 அங்குலச் சுற்றளவுள்ள சாஃப்ட்பால் பந்தோ பெயரளவில்தான் மென்மையானது. 'பூப்பந்து' என்ற சொல்லும் இத்தகையதே: தமிழகத்தில் கம்பளி நூற்பந்தால் ஆடுவதைக் குறிக்கும் அது, இலங்கையில் இறகுப்பந்தைக் குறிக்கிறது. ஆகவே ஆவணத்தில் உள்ள 'சாஃப்ட்பால்' என்னும் வடிவையே தலைச்சொல்லாகக் கொண்டு, 'மென்பந்து' என்பதை அதற்கு வழிகாட்டும் துணைப்பதிவாக அமைத்தல் தகும்.